ஏத்தத்துக்கு ஒரு குழவி

“இப்ப சாவியத் திருப்புங்க ஐயா,” என்று பொனட்டுக்குள் தலையை விட்டபடி மெக்கானிக் ஹுமைத் சொன்னார்.

மாரிசாமி திருப்பினார். கார் ஒருமுறை தும்மியது. இரண்டாம் முறை, வெற்றிலைச் சாறு புரையேறிய கிழவனைப்போல இருமியது. பிறகு அடங்கிவிட்டது.

“உசிரு ஈக்குது,” என்றார் ஹுமைத். “மூச்சுத்தான் வரமாட்டேங்குது.”

சாவு வீட்டுக்குப் புறப்பட்டு உட்கார்ந்திருக்கிற மனிதனிடம் சொல்லக்கூடிய உவமையா இது என்று மாரிசாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். ஹுமைத் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

காலை ஒன்பதரை மணி. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியோரத்து வீட்டின் முற்றத்தில், கூரைத்தகரம் போட்ட கொட்டிலுக்கு வெளியே அந்தச் சிவப்புக் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டே சீட். மேல்மூடி கிடையாது. ஓட்டுகிற சீட்டில் வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, மடித்துப் போட்ட சால்வையோடு மாரிசாமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. முப்பத்திரண்டு வருசம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து, கொழுந்து வாடுகிற மணத்தை வைத்தே மணி சொன்னவர். எதிலும் சாய்ந்து உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. சீட்டின் சாய்வுக்கும் அவர் முதுகுக்கும் இடையே ஒரு பூனை தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம்.

பக்கத்துச் சீட்டில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் மடிப்புக் கலையாத சிவப்புச் சேலை, மஞ்சள் கிழங்கு, குங்குமம், இரண்டு முழம் மல்லிகை.

அவருடைய ஒரே தங்கை பாக்கியலெட்சுமி முந்தின நாள் இரவு இறந்துபோயிருந்தாள். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில், மேல்கணக்கு என்கிற மேட்டுப் பிரிவில், கட்டிக்கொடுத்த வீட்டிலேயே. சாப்பிட்டு, கை கழுவி, ‘செத்த சாஞ்சுக்கிறேன்’ என்று சொல்லிப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எழுபத்தொரு வயதில், புருசனுக்கு முன்னால், பொட்டும் பூவுமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை போகவேண்டும். மூத்த அண்ணன் கொண்டுபோய்ப் போர்த்தவேண்டும். அது வராமல் உடம்பைத் தூக்கமாட்டார்கள். தூக்கினால், பிறந்த வீடு செத்துப்போயிற்று என்று அர்த்தம்.

ஆக, அவர் போகவேண்டும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதில் போவது என்பதுதான் வழக்கு.

வாசலில் ஹோர்ன் சத்தம் கேட்டது. மகள் ஜீவராணி உள்ளேயிருந்து வந்தாள். நாற்பத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் உப அதிபர். எட்டாம் வகுப்புப் பையன்கள் அடங்குகிற குரலை வீட்டிலும் அதே அளவில் வைத்திருந்தாள்.

“அப்பா, வேன் வந்திருச்சு.”

“ஏத்தி அனுப்பு.”

“நீங்களும் அதுலதான் வரணும்.”

“நான் கார்ல வர்றேன்.”

“எந்தக் கார்ல?”

மாரிசாமி சால்வை நுனியால் ஸ்டியரிங்கைத் துடைத்தார். சில கேள்விகளுக்குப் பதில் சொல்வது அந்தக் கேள்விக்குக் கொடுக்கிற மரியாதையாகிவிடும்.

ஜீவராணி சொந்தபந்தங்களை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு காரின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள்.

“ஒரு மணி வரைக்கும் பாப்பேன். மூணு மணிக்கு எடுக்கிறாங்க. ஒரு மணிக்கு நீங்களா எனக்கு ஒரு முடிவு சொல்லணும். வாக்கா, அத்தையா?”

“ரெண்டும்,” என்றார் மாரிசாமி.

“ரெண்டுன்னா அந்த ஆளுக்கிட்ட சொல்லுங்க,” என்று அவள் பொனட்டைக் காட்டினாள்.

“நான் கேட்டுக்கிட்டுத்தான் ஈக்கேன் டீச்சர்,” என்றார் உள்ளேயிருந்து ஹுமைத்.

கார் அந்தக் குடும்பத்துக்கு வந்த கதையை மாரிசாமி சொல்லக் கேட்கவேண்டும். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருசம், மூட்டை கட்டிய வெள்ளைக்காரத் துரை, பெரிய கணக்கப்பிள்ளையாக இருந்த அவருடைய அப்பாவைக் கூப்பிட்டு, கை குலுக்கி, சாவியைக் கையில் வைத்தான். அதுவரை எந்தத் துரையும் எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் கை கொடுத்ததில்லை. சாவியைவிட அந்தக் கைகுலுக்கலைத்தான் அப்பா சாகும்வரை பேசினார். காரின் முன்னால் எம், ஜி என்று இரண்டு எழுத்து. தோட்டத்துச் சனம், மூன்றாவது எழுத்து எங்கோ வழியில் விழுந்துவிட்டது என்றே நம்பியது. எம்.ஜி.ஆர். கார் என்றால் பூனாகலை வரைக்கும் தெரியும்.

அப்பாவுக்குப் பிறகு கார் மாரிசாமிக்கு வந்தது. கோயில் திருவிழா, கல்யாணம், நிச்சயம் என்று எதற்குப் போனாலும் அந்தக் காரில்தான் போனார். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அதைக் குளிப்பாட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தன் கையாலேயே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார்.

இரண்டாயிரத்து இரண்டில் பாக்கியலெட்சுமியின் மகள் சுதர்ஷினிக்குச் சடங்கு. தாய்மாமன் சீர். டேங்க் நிறையப் பெட்ரோல் அடித்து, பின்னால் லொறியில் இருபத்தோரு தட்டுச் சீர் வர, முன்னால் சிவப்புக் காரில் மாரிசாமி போனார். மேல்கணக்கில் வீட்டுக்குக் கீழே ஓர் ஏத்தம் இருக்கிறது. செங்குத்தாக, நடுவில் ஒரே ஒரு வளைவோடு. ஊரே மேலே நின்று பார்க்க, அந்த வளைவில் கார் நின்றது. நின்றதோடு போகாமல் பின்னாலும் உருண்டது. மேலே இருந்து பாக்கியலெட்சுமி பட்டுச்சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடிவந்தாள். கையில் அம்மிக் குழவி. அதைச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டு, ‘பயப்படாதண்ணே, இது எங்க வீட்டுக் குழவி, நகராது’ என்றாள். அன்று பந்திக்குச் சம்பல் அரைக்கக் குழவி இல்லை.

எட்டுப் பேர் தள்ளித்தான் கார் மேலே போய்ச் சேர்ந்தது. அங்கே தங்கச்சி புருசன் விஜேந்திரன் மாலையோடு நின்றான். வாய் சும்மா இருக்கமாட்டாதவன். “என்ன மச்சான், சீர் வருதுன்னாங்க. சீரத் தள்ளிக்கிட்டுல்ல வர்றீங்க,” என்றான். சிரிக்காதவர் ஒருவருமில்லை. தப்படிக்கிறவன்கூடக் குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

மாரிசாமி சீரை முறைப்படி இறக்கிக் கொடுத்தார். கை நனைக்கவில்லை. வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, “இந்தக் கார் யாரும் தள்ளாம இந்த ஏத்தத்த ஏறுற அன்னைக்குத்தான் இந்த வாசப்படியில நான் கால் வைப்பேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதன் பிறகு நான்கு மெக்கானிக்குகள் காரைப் பார்த்தார்கள். மட்டத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் திறந்து பார்த்தால் ஓடும். தூரம் போய் ஏத்தம் ஏறினால் நிற்கும். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஐந்தாவது ஆளைக் கூப்பிட மாரிசாமிக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டு, அவனும் சரிசெய்து, மறுபடியும் அந்த வளைவில் நின்றுவிட்டால்? காரைக் கொட்டிலில் விட்டு டார்போலின் போட்டு மூடினார். இருபத்திரண்டு வருசம் ஓடிவிட்டது.

அண்ணன் தங்கச்சிக்குள் ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்கு அவள் வருவாள், கோயிலில் பார்த்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் போன் அடிப்பாள். எடுத்ததும் கேட்பது ஒன்றுதான்.

“கார் ஓடுதாண்ணே?”

“ஓடும்.”

“நான் குழவியக் கழுவி வச்சிருக்கேன்.”

அதற்கு மேல்தான் மழை, கொழுந்து, பேரப்பிள்ளை எல்லாம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுக்கு முதல்முறை நெஞ்சுவலி வந்தது. அந்த வாரமே மாரிசாமி, யாரிடமும் காரணம் சொல்லாமல், ஹுமைத்தைக் கூப்பிட்டார். ஹுமைத் பிரேக்கைப் புதுப்பித்தார், டயர் மாற்றினார், எலிக்கூட்டிலிருந்து ஏழு குஞ்சுகளை வெளியேற்றினார், சக்கையாகப் போயிருந்த பெட்ரோலை வடித்தார். சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறப்போட்டு, கையாலேயே சுற்றி, இஞ்சின் இறுகவில்லை என்று கண்டுபிடித்த அன்று மாரிசாமிக்கு ஒரு கிலோ தொதல் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வேலைதான் மிச்சம். ஒன்று, இஞ்சினை ஓடவைப்பது. மற்றது, ஹேண்ட் பிரேக்கின் வயர். அது கொழும்பிலிருந்து வரவேண்டும், இன்னும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு பாக்கியலெட்சுமி கேட்கும்போது ‘ஓடுது’ என்று சொல்லலாம் என்று அவர் நினைத்திருந்தார்.

பதினொன்றரைக்கு ஹுமைத் காபரேட்டரை மூன்றாவது தடவையாகக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தபோது ஜீவராணியின் போன் அடித்தது. அவள் பேசிவிட்டு அப்பாவிடம் நீட்டினாள். “மாமா.”

விஜேந்திரன் இருபத்திரண்டு வருசமாக அவரிடம் நேராகப் பேசியதில்லை. எது சொல்வதானாலும் ‘உங்கண்ணன்கிட்ட சொல்லு’ என்பான். இவர் ‘உன் வீட்டுக்காரருகிட்ட சொல்லு’ என்பார். நடுவில் அவள் இருந்தாள்.

“மச்சான், நான்தான்.”

“ம்.”

“மூணு மணிக்கு எடுக்கிறதாப் பேசியிருக்கு. நமுனுகுல மலையில மூட்டம் எறங்குது. ஆனா கோடி வராம எடுக்கமாட்டோம். நீங்க பதறாம வாங்க.”

“வர்றேன்.”

மறுமுனையில் தப்புச் சத்தம் கேட்டது.

“எதுல வர்றீங்கன்னு நான் கேக்கல மச்சான்,” என்றான். “அவ இருந்தா கேட்டிருப்பா.”

மாரிசாமி போனை மகளிடம் கொடுத்துவிட்டு, கோட்டின் பொத்தானை அவிழ்த்துத் திரும்பவும் போட்டார்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிசம் இருக்கும்போது ஹுமைத் எதையோ இறுக்கி, பிஸ்மி சொல்லி, “திருப்புங்க,” என்றார். பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் பல்லி சொல்வதுபோல டிக், டிக் என்றது. கார் தும்மவில்லை, இருமவில்லை. ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. கொட்டிலின் தகரம் நடுங்கியது. பின்புறமிருந்து கறுப்புப் புகையோடு ஒரு கைப்பிடி வைக்கோல் பறந்து ஜீவராணி காயப்போட்டிருந்த துணியில் ஒட்டியது. பக்கத்து வீட்டு நாய் தன் வீட்டுக்குள்ளேயே ஓடி ஒளிந்தது.

“எட்டாவது குஞ்சின்ட மெத்தை,” என்றார் ஹுமைத்.

மாரிசாமி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் முதல் தடவையாக அவர் முதுகு சீட்டில் சாய்ந்தது.

புதுப் பெட்ரோலை டேங்க் கழுத்துவரை ஊற்றி, மூடியை முறுக்கி மூடினார்கள். ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்று பசறை வீதியில் மேலே ஏற்றினார்கள். ஹுமைத் தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். நாலாவது வளைவில் கார் ஒரு விக்கல் எடுத்தது. ஐந்தாவதில் நின்றுவிட்டது.

இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் நின்றதுபோலவே, சொல்லாமல் கொள்ளாமல்.

ஜீவராணி இறங்கி ஒரு கருங்கல்லைத் தேடிச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள். ஹுமைத் பொனட்டைத் திறந்தார், மூடினார். “பிளக்ல நெருப்பு ஈக்குது. பம்ப் அடிக்குது. ஆனா பெட்ரோல் எண்ண வரமாட்டேங்குது. டேங்க்ல ஓட்டையோ?” என்று பின்னால் போய் மூடியைத் திருகினார்.

மூடி லேசில் கழரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் முறுக்கிக் கழற்றியபோது ‘ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம். காற்று உள்ளே பாய்ந்தது.

ஹுமைத் மூடியை வெயிலில் காட்டிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு மாரிசாமியைப் பார்த்தார்.

“ஐயா, குத்தமா நெனைக்க வேணாம்.”

“சொல்லுங்க.”

“இந்த மூடிக்கு நடுவுல ஒரு சின்ன ஓட்டை ஈக்கணும். எண்ண கொறையக் கொறைய அதுவழியாக் காத்து உள்ளுக்குப் போகணும். போகாட்டி, டேங்கு சூப்பிப்போட்ட மாங்கொட்ட மாதிரி இழுத்துப் பிடிச்சுக்கும். எண்ண வராது. டேங்க் நெறைய அடிச்சா இன்னும் சுருக்கா நிக்கும்.”

“ஓட்டை எங்க?”

“பொட்டுக்கு அடியில.”

மூடியின் நடுவில், எந்த ஆயுத பூசைக்கு வைத்தது என்று சொல்ல முடியாதபடி, வருசத்துக்கு ஒன்றாக ஏறி, காய்ந்து, கல்லாகி, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் குங்குமம்.

“மெக்கானிக் வந்தா மூடியத் தொறந்து எண்ண ஈக்குதான்னு பாப்பான்,” என்றார் ஹுமைத். “தொறந்த உடன காத்துப் போயிரும், கார் ஓடிரும். எங்கட ஆக்கள் எப்பிடிக் கண்டுபிடிக்க? பொட்டு வச்சது யாரு?”

ஜீவராணி ரோட்டோரத்துத் தேயிலையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான்,” என்றார் மாரிசாமி.

ஒரு பஸ் கடந்து போனது. அது போய் வளைவில் மறையும்வரை மாரிசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருசமாக அவர் இந்தக் காருக்காகப் பலரைக் குற்றவாளியாக வைத்திருந்தார். விஜேந்திரனின் கொள்ளிக்கண், நான்கு மெக்கானிக்குகளின் திருட்டுத்தனம், பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டுப் போன துரை. ஒருவர் ஒருவராக அவர்கள் எல்லோரும் விடுதலையாகிப் போனார்கள்.

“ஜீவா,” என்றார். “ஒரு த்ரீவீலக் கூப்பிடு.”

“என்னப்பா?”

“மணி பன்னண்டரை. ஒரு மணிக்கு முடிவு கேட்டியே. கூப்பிடு. நான் நடந்தாவது அந்த வீட்டுக்குள்ள போறேன்.”

ஜீவராணி போனை எடுக்கவில்லை. ஹுமைத்தைப் பார்த்தாள். ஹுமைத் மூடியை இரண்டு கையாலும் ஏந்தி, தாம்பாளம் நீட்டுவதுபோல மாரிசாமியிடம் நீட்டினார்.

“இத எடுத்தாச் சரி ஐயா, த்ரீவீல் என்னத்துக்கு? ஆனா பொட்டு, நான் சொரண்ட ஏலா. நீங்களே எடுங்க.”

ஜீவராணி தன் சேலைத் தோளிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். மாரிசாமி மூடியைத் தொடைமேல் வைத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சுரண்டினார். இருபது முப்பது ஆயுத பூசை பொடிப்பொடியாக வேட்டியில் உதிர்ந்தது. அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. ஊக்கை அதற்குள் விட்டுத் திருகி, மூடியை வாயில் வைத்து ஊதினார். காற்று போனது.

“அத்தைக்கிட்டச் சொன்னா ஒரு வருசம் சிரிச்சிருப்பாங்க,” என்றாள் ஜீவராணி.

“ரெண்டு வருசம்,” என்றார் மாரிசாமி. வேட்டியில் கிடந்த பொடியைத் தட்டிவிடாமல், கூட்டி எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பசறையைக் கடக்கும்போது ஒன்றே கால். சந்தியில் ஒரு பொலிஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, எந்த வருசத்து வண்டி என்று சிங்களத்தில் கேட்டார். ஜீவராணி மடியிலிருந்த தட்டைக் காட்டி, அத்தை இறந்துபோன விசயத்தைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வழியிலிருந்த பஸ்ஸைத் தானே பின்னால் தட்டி ஒதுக்கிவிட்டார். ஹுமைத் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டே அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

“ஐயா, ஹேண்ட் பிரேக் இல்ல, மறந்துறாதீங்க,” என்று வளைவுக்கு வளைவு பின்னாலிருந்து கத்தினார். “நிப்பாட்டினா கியர்ல போட்டு, கல்லு வைங்க.”

மலைமேல் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மேல்மூடியில்லாத காரில் குளிர் நேராக முகத்தில் அடித்தது. ஜீவராணி சேலைத்தலைப்பால் மல்லிகையை மூடிக்கொண்டாள். கார் நிற்கவில்லை. ஒவ்வொரு ஏத்தத்திலும் மாரிசாமியின் காது பின்னாலிருந்த டேங்க்கிடம் போய்வந்தது. நிற்கவேயில்லை.

இரண்டேகாலுக்கு மேல்கணக்கின் ஏத்தத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேதான் அவர் எண்ணியிராத ஒன்று காத்திருந்தது. பிறந்த வீட்டுக் கோடி வந்தால் தப்புக்காரர்கள் எல்லையிலேயே எதிர்கொண்டு, அடித்துக்கொண்டே முன்னால் நடந்து கூட்டிப்போவார்கள். முறை அது. நாலு தப்பு, ஒரு உருமி. அவர்கள் காரின் மூக்குக்கு முன்னால் வரிசை கட்டி, சாவு நடையில், ஒரு அடி வைத்து ஒரு அடி நின்று ஏத்தத்தில் ஏறத் தொடங்கினார்கள்.

முதல் கியரில், ஆளுக்குப் பின்னால் ஊர்ந்து அந்த ஏத்தத்தை ஏறப் புதுக் காராலேயே முடியாது. கிளச் தீய்ந்த வாடை வந்தது. பொனட்டிலிருந்து ஆவி. வளைவு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. மேலே, வீட்டு வாசலில், வெள்ளைக் கொடிகளுக்கு நடுவே ஊர் நிற்பது தெரிந்தது. நாலைந்து இளவட்டங்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவதற்கு ஆயத்தமாக இறங்கினார்கள்.

“ஹோர்ன் அடிங்கப்பா,” என்றாள் ஜீவராணி.

“கேதத்துலயா? மானம் போயிரும்.”

“நின்னா போகாதா?”

தப்புக்காரர்களில் மூத்தவன், தலை நரைத்தவன், திரும்பிப் பார்த்தான். ஆவியைப் பார்த்தான். ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ நினைவு வந்திருக்கவேண்டும். அன்று குச்சியைக் கக்கத்தில் வைத்துச் சிரித்தவன் அவன்தான்.

“டேய், ஓடுங்கடா,” என்றான்.

அடித்துக்கொண்டே ஓடினார்கள். சாவு அடி, ஓட்டத்தில் தானாகவே சீர் அடியாக மாறியது. உருமிக்காரன் இடுப்பில் உருமி குதிக்கக் குதிக்க ஓடினான். அவர்கள் பின்னால் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. இளவட்டங்கள் இரண்டு பக்கமும் விலகிப் பாத்தியில் குதித்தார்கள். வளைவு வந்தது, வளைவு போனது. யாரும் தள்ளவில்லை. ஓடிக்கொண்டே தப்படித்த கேதம் அந்த மலையில் அதுவரை நடந்ததில்லை.

வாசலில் கொண்டுபோய் நிறுத்தியபோது தப்புக்காரர்கள் முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினார்கள். விஜேந்திரன் வேட்டிமேல் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். அவன் முடி முழுக்க வெளுத்திருந்தது. வாய் எதையோ சொல்லத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டது.

மாரிசாமி இஞ்சினை நிறுத்தினார். நிறுத்தியவர், கியரில் போட மறந்தார்.

கார் மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது. ஹுமைத் ஏத்தத்தில் இன்னும் ஏறி முடியவில்லை. ஜீவராணி தட்டோடு எழுந்து நின்றாள். மாரிசாமியின் கால் பிரேக்கைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, வீட்டுக்குள்ளேயிருந்து கூந்தல் அவிழ்ந்த ஒரு பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்து, பின்சக்கரத்தடியில் குனிந்தாள். ஒரு ‘தொம்’. கார் நின்றது.

சுதர்ஷினி நிமிர்ந்தாள். முப்பத்தைந்து வயது. அழுது வீங்கிய முகம். அம்மாவின் மூக்கு.

“காலையில இருந்து கையிலயே வச்சிருக்கேன் மாமா,” என்றாள். “அம்மா சொல்லி வச்சது. மாமா கார்ல வந்தா வேற எதையும் யோசிக்காத, மொதல்ல குழவிய எடுத்துட்டு ஓடுன்னு.”

மாரிசாமி இறங்கினார். தட்டை வாங்கித் தலைக்கு மேலாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வலது காலை வைத்தார். உள்ளே, நடுவீட்டில், தங்கை தலைக்குப் பக்கத்தில் விளக்கோடு படுத்திருந்தாள். சிவப்புச் சேலையை விரித்துக் கழுத்துவரை போர்த்தினார். மல்லிகையை வைத்தார். குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைக்கும்போது கை நின்றது. பிறகு, கோட்டுப் பைக்குள் கையை விட்டு, அந்தச் சந்தனப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, குங்குமத்துக்கு மேலே, மிகச் சின்னதாக வைத்தார்.

“ஓடுது,” என்று, குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். மயானத்திலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்தபோது ஐந்து மணி. தூறல் பிடித்திருந்தது. பக்கத்து லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் சோற்றுப் பானையோடு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் போட்டிருந்த வாங்குப் பலகையில் மாரிசாமியும் விஜேந்திரனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கோப்பைச் சாயத்தண்ணி, பாலில்லாத தேநீர். ஹுமைத் கொட்டகைக் காலில் சாய்ந்து நின்று, டேங்க் மூடியின் கதையை விஜேந்திரனுக்குக் கையால் செய்துகாட்டிச் சொல்லி முடித்தார்.

விஜேந்திரன் சிரிக்கவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறானா வேறெதுவுமா என்று தெரியவில்லை. மாரிசாமி தன் சால்வையை எடுத்து அவன் பக்கமாக வாங்கில் வைத்தார்.

சுதர்ஷினி வந்து நின்றாள்.

“மாமா, சம்பலுக்கு அரைக்கணுமாம். குழவிய எடுத்துக்கவா? வேற கல்லு வைக்கச் சொல்றேன்.”

மாரிசாமி திரும்பிக் காரைப் பார்த்தார்.

“அது அங்கயே இருக்கட்டும்மா,” என்றார். “சம்பல் இல்லாமச் சாப்பிட்டுக்கிறேன்.”

சுதர்ஷினி உள்ளே போய், மாமாவுக்கும் சேர்த்து இலை போடச் சொன்னாள்.

தூறல் வலுத்தது. காரின் சிவப்பின்மேல் நீர் உருண்டு இறங்கியது. பின்சக்கரத்தடியில் கிடந்த குழவியில், கொத்துப் போட்ட சின்னச் சின்னக் குழிகளுக்குள், முந்தாநாள் அரைத்த மிளகாய் இன்னும் ஒட்டியிருந்தது. மழை அதை ஒவ்வொரு குழியாகத் தேடிப்பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தது.